மிச்சம் பிடித்த எழுத்து

இரண்டு மாதமாக நான் கைப்பேசியில் விரலால் எழுதிப் பழகுகிறேன். விசைப்பலகை வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் ஒன்று வரும். அதில் ஆள்காட்டி விரலால் 'அ' என்று கிறுக்கினால் மேலே அச்செழுத்தில் 'அ' விழும். காலையில் கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் போகும் கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே இதைச் செய்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஏதோ கேம் என்று நினைப்பார்கள் போல. ஒரு மலாய் மக்சிக் ஒருநாள் கேட்டே விட்டார், "படம் வரையிறியா, தம்பி?" என்று.

எனக்கு 28 வயதாகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்தவன். எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ்மொழிப் பாடமும் எடுத்தவன். அப்படிப்பட்டவன் 'ழ' எழுதத் தடுமாறினேன் என்றால் நீங்கள் சிரிக்கலாம். சிரிக்கிறதுக்கு முன்னால் உங்கள் புலனத்தைத் திறந்து, கடைசியாக நீங்கள் தமிழில் அனுப்பிய பத்துச் செய்திகளைப் பாருங்கள். எத்தனை தமிழ் எழுத்தில் இருக்கிறது? பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவைப் பெற்ற பாட்டி சுங்கைப்பட்டாணியில் மாமா வீட்டில் இருக்கிறார். பாட்டிக்கு ஒரே தம்பி. எங்களுக்குச் சின்னத் தாத்தா. அவர் கிள்ளானில் தன் மகளோடு, அதாவது எங்கள் அத்தையோடு இருந்தார். இந்த வருஷம் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. மருத்துவமனையில் இரண்டு வாரம் கிடந்தார். வேலை முடிந்ததும் நான் அங்கே போய்விடுவேன், இரவில் அத்தைக்குத் துணையாக.

ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று லீவு போட்டிருந்தேன். காலையில் பாட்டி, மாமா மகனிடம் சொல்லி எங்கள் குடும்பக் குழுவில் கேட்கச் சொல்லியிருக்கிறார்: தம்பிக்கு வலி எப்படி இருக்கு? நாங்கள் யாரும் உடனே பதில் போடவில்லை. மதியம் 3 மணி வாக்கில் டாக்டர் எங்களை வெளியே அழைத்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அத்தை அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நீயே எல்லாருக்கும் சொல்லிடுய்யா" என்றார்.

நான் யாருக்கும் போன் பண்ணவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். கேன் தண்ணீர் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, குடும்பக் குழுவில் ரோமன் எழுத்தில் ஒரு வரி தட்டினேன். டாக்டர் பார்த்துட்டாரு, இனி வழி இல்லன்னு சொல்லிட்டாரு. அவ்வளவுதான். "வர முடிஞ்சவங்க வாங்க" என்று இன்னொரு வரி போட நினைத்தேன். கை நடுங்கியது, போடவில்லை.

'வழி' என்பதற்கு நான் எப்போதும் போடுவது நான்கே எழுத்து: வி, ஏ, எல், ஐ.

சுங்கைப்பட்டாணியில் மாமா மகன் அதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினான். அவனுக்கு 17 வயது. "பாட்டி, டாக்டர் பார்த்துட்டாராம். இனி வலி இல்லன்னு சொல்லிட்டாராம்."

காலையில் கேட்ட கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் உண்டா? பாட்டி சாமி அறையில் விளக்கேற்றிக் கும்பிட்டாராம். மாமா லாரி ஓட்டுகிறார்; அன்றைக்கு ஜொகூரில் இருந்தார். அவர் வந்ததும் சனிக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு இரண்டு வாரத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினாராம். குழுவில் மற்றவர்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள். ஈப்போவிலிருந்து சித்தி அன்று ராத்திரியே வந்துவிட்டார். பாட்டியை யாராவது கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருப்பார்கள் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். புதன்கிழமை விடியற்காலை 5 மணிக்குச் சின்னத் தாத்தா போய்விட்டார்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து கிள்ளானுக்கு நாலரை, ஐந்து மணி நேரப் பயணம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் ஏறியிருந்தால்கூட பாட்டி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மாலையில் காட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் வந்து சேர்ந்தார். வந்ததும் கேட்ட முதல் வார்த்தை, "வலி இல்லன்னுதானேடா சொன்னீங்க?"

இதில் எனக்கு உறுத்துவது இன்னொன்று. மூன்றாம் நாள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மாமா தன் மகனைத் திட்டினார். "ஒரு மெசேஜ ஒழுங்கா படிச்சுச் சொல்லத் தெரியாதா ஒனக்கு? பதினோரு வருஷம் என்னதான் படிச்ச?" அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கைப்பேசியை எடுத்து அந்த வரியைப் பார்த்தேன். வலி என்று படித்தாலும் சரி, வழி என்று படித்தாலும் சரி. அவன் தப்பாகப் படிக்கவில்லை. அங்கே என்ன இருந்ததோ அதைத்தான் படித்தான். நான் வாயைத் திறக்கவில்லை. தேநீர் கொண்டுவரும் சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

என் முதல் கைப்பேசி 2009-இல், படிவம் 1-இல் படிக்கும்போது அப்பா வாங்கித் தந்த பழைய நோக்கியா. எண் பட்டன்களிலேயே எழுத்தும் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? 'எல்' வேண்டுமானால் 5-ஐ மூன்று தடவை அமுக்க வேண்டும். 'இசட்' வேண்டுமானால் 9-ஐ நான்கு தடவை, அதோடு 'எச்' சேர்க்க 4-ஐ இரண்டு தடவை. ஆக, 'ழ'வை முறைப்படி போட ஆறு அமுக்கு, 'எல்' போட்டால் மூன்று. வாத்தியார் யாரும் பார்க்கப் போவதில்லை. நான் மூன்றை மிச்சம் பிடித்தேன். என் நண்பர்களும் அப்படித்தான். எங்களுக்குள் ஒரு குழப்பமும் வந்ததில்லை, ஏனென்றால் "எங்க இருக்க, வழியில இருக்கேன்" என்கிற அளவுக்குத்தான் பேச்சு.

தமிழ் எழுத்திலேயே அனுப்ப அப்போதும் முடியும். முரசு அஞ்சல் செய்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர்தான். அவருடைய செல்லினம் 2005-லேயே கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் ரோமன் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் கிடைக்கும், தமிழில் போட்டால் 70 இடம்தான். புள்ளியும் கொம்பும்கூட ஒவ்வொன்றும் ஓர் இடத்தைத் தின்றுவிடும். 'டாப் அப்' காசு அப்பா கொடுப்பது. அதனால் பதின்மூன்று வயதுப் பையனாக நான் செய்தது பெரிய குற்றம் என்று சொல்ல மாட்டேன். புலனம் வந்தது, குறுஞ்செய்திக்குக் காசு கொடுக்கிற காலம் போனது, தொடுதிரை வந்தது. காரணங்கள் எல்லாம் போய்விட்டன. பழக்கம் மட்டும் 15 வருஷம் என்னோடு வந்து, ஆஸ்பத்திரி வாசலில் தன் வேலையைக் காட்டியது.

இப்போது கேள்வி. இது என் தவறா? என் மனத்தில் 'வழி' என்றுதான் இருந்தது. யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. நெஞ்சில் குற்றமில்லாவிட்டால் வார்த்தையில் குற்றம் உண்டா?

தேவார வகுப்பில் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்த கதை ஒன்று அந்த நாட்களில் திரும்பத் திரும்ப வந்தது. துரோணர் போரை விட வேண்டும் என்பதற்காக அசுவத்தாமன் என்ற யானையை வீமன் கொல்கிறான். அசுவத்தாமன் இறந்தான் என்று தருமர் சொல்கிறார், யானை என்பதை மட்டும் காதில் விழாதபடி முணுமுணுக்கிறார். அதுவரை தரையைத் தொடாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவருடைய தேர் அன்றைக்குத் தரையில் இறங்குகிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள். கேட்பவர் எந்தப் பொருளை எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தே சொன்ன சொல்.

முதலில் இந்தக் கதை எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. தருமருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவர் ஏமாற்றினார், நான் ஏமாற்றவில்லை. இரண்டு மூன்று வாரம் இதைச் சொல்லியே என்னைத் தேற்றிக்கொண்டேன். ஒருநாள் ரயிலில் வரும்போது வேறு மாதிரி தோன்றியது. தருமர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது துரோணரை நினைத்தார். அவர் காதில் இது எப்படி விழும், அவர் மனசு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். கெட்ட கணக்குத்தான், ஆனால் கேட்பவர் ஒருவர் அவர் கண்முன் இருந்தார். நான் அந்த வரியைத் தட்டியபோது பாட்டி என் நினைவிலேயே இல்லை. காலையில் பாட்டி கேட்டிருந்த கேள்வி அதே திரையில் நாலு விரல் மேலே இருந்தது. அதைக்கூட நான் படிக்கவில்லை. பொய் சொல்கிறவனுக்குக்கூட எதிரில் ஓர் ஆள் இருக்கிறது. எனக்கு யாருமே இல்லை. என் துக்கத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும், வைத்தேன்.

வாய்மை என்பதற்கு வள்ளுவர் சொல்லும் இலக்கணமே, சொல்லால் பிறருக்குத் தீமை வராமல் இருப்பது. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்று அவர் விடவில்லை. போய்ச் சேருகிற இடத்தையும் பார்க்கச் சொல்கிறார். நான் உள்ளதைச் சொன்னேன். போய்ச் சேருகிற இடத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வேறு விதமாக எழுதிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். முதலில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி. ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு, அதே வரியைச் சொன்னேன்: டாக்டர் பார்த்துட்டாரு, இனி வழி இல்ல. திரையில் 'வலி இல்ல' என்று வந்தது. மறுபடியும் சொன்னேன். மறுபடியும் வலி. மூன்றாவது தடவை வார்த்தையைத் தனியாகச் சொன்னேன், 'வளி' என்று வந்தது. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. இயந்திரத்தின் மேல் தப்பில்லை. வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொல்லியே வளர்ந்தவர்கள்தானே நாம்! பட்டனில் மிச்சம் பிடிப்பதற்கு முன்னாலேயே நாக்கில் மிச்சம் பிடித்திருக்கிறேன்.

அடுத்து அஞ்சல் விசைப்பலகை. ரோமன் எழுத்தைத் தட்டினால் தமிழில் வரும், 'ழ'வுக்கு இசட். நல்ல முறைதான், என் நண்பர்கள் பலர் அதில் வேகமாக எழுதுகிறார்கள். பிறகு 1999-இல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99. உயிரெழுத்து இடப்பக்கம், மெய்யெழுத்து வலப்பக்கம். 'ந' தட்டி 'த' தட்டினால் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். அதுவும் நல்ல முறைதான். ஆனால் தட்டும் விசை எதுவானாலும் என் விரல் பழைய வேகத்துக்குப் போய்விடுகிறது. மனசு பின்னால் வர, கட்டைவிரல் முன்னால் ஓடுகிறது. எனக்கு ஓடவே முடியாத ஒன்று தேவைப்பட்டது.

கையெழுத்தைப் படித்துக்கொள்ளும் வசதி புதுசு இல்லை. கூகுள் 2015-லேயே இதற்கென்று தனிச் செயலி விட்டது, 82 மொழிகளுக்கு, தமிழும் அதில் உண்டு. இப்போது அவர்களுடைய விசைப்பலகையிலேயே தமிழைச் சேர்க்கும்போது 'கையெழுத்து' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நான் அதைப் பார்த்தும் இருக்கிறேன், வயசானவர்களுக்கு என்று நினைத்துத் தள்ளிப் போயிருக்கிறேன்.

முதல் நாள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 'பாட்டி' என்று எழுதினேன், 'பாடடி' என்று வந்தது. புள்ளி வைக்க விரல் போவதற்குள் அது எழுத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. 'கொ' எழுதுவதற்குக் கொம்பு, ககரம், கால் என்று மூன்றையும் ஒரே மூச்சில் போட வேண்டும். நின்றால் மூன்றையும் மூன்றாகப் பிரித்துவிடும். மூணு சுழி 'ண' எழுதினால் என் விரல் பருமனுக்கு ஒரு சுழி காணாமல் போய் ரெண்டு சுழியாக வரும். 'ழ' பற்றிக் கேட்கவே வேண்டாம். மகரம் மாதிரி ஆரம்பித்து, கீழே இறங்கி, சுழித்து… வால் எந்தப் பக்கம் போகும் என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஸ்டேஷனில் ஒட்டியிருந்த தமிழ் விளம்பரம் ஒன்றைப் பார்த்துத் தெளிந்தேன். "நலமா பாட்டி, சாப்பிட்டீங்களா" என்ற ஒரு வரிக்கு எனக்கு மூன்று நிமிஷம் ஆனது. சுபாங் ஜெயாவில் ஆரம்பித்த வரியை அடுத்த ஸ்டேஷனில்தான் முடித்தேன்.

ஆனால் அந்த மூன்று நிமிஷமும் பாட்டி என் கண்முன் இருந்தார். 'ட்' போடும்போதும் இருந்தார், கால் போடும்போதும் இருந்தார். 15 வருஷமாக எத்தனையோ வரி தட்டியிருக்கிறேன், ஒருவரை நினைத்துக்கொண்டு ஒரு வரியை முடித்த ஞாபகம் இல்லை.

ஒரு வாரம் கழித்து 'வழி' என்று எழுதிப் பார்த்தேன். வேண்டுமென்றேதான். என் கோணல் எழுத்துக்கு அது மேலே வரிசையாக மூன்று சொற்களைக் காட்டியது: வழி, வலி, வளி. காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. நான் ஒன்றைத் தொட வேண்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் யாராவது இப்படி மூன்றையும் நீட்டி, "எதைச் சொல்ற?" என்று கேட்டிருந்தால்! இதற்காக இந்தக் கருவியைப் புகழ மாட்டேன். அதே பட்டையில்தான் நான் எழுத நினைக்காத அடுத்த சொல்லையும் அது நீட்டுகிறது. "ஆழ்ந்த" என்று ஆரம்பித்தால் "இரங்கல்" என்று தானே வருகிறது. ஒரே தொடுதலில் துக்கம் விசாரித்து முடித்துவிடலாம். அதைத் தொடாமல் இருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

எங்கள் மன்றக் கூட்டத்தில் இதைப் பேசினேன், கதை முழுவதையும் சொல்லாமல். இனிமேல் குழுவில் தமிழ் எழுத்தில் எழுதுவோமே என்றேன். செயலாளர் அக்கா உடனே மறுத்தார். அவர் தேசியப் பள்ளியில் படித்தவர். "தம்பி, எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கோத்தோங் ரோயோங் எத்தனை மணிக்குன்னு நீங்க தமிழ் எழுத்துல போட்டா நான் யார்கிட்ட போய்க் கேட்கிறது? ரோமன்ல எழுதினதாலதான் நாங்கள்லாம் இந்த மன்றத்துக்குள்ள வந்தோம். எழுத்தை வெச்சு எங்கள வெளிய தள்ளிடாதீங்க." இன்னும் சில பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது. 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கிற நாடுதான் நம் நாடு, ஆனால் எல்லா வீட்டுப் பிள்ளையும் அங்கே போகவில்லை. அவருக்கு நான் தமிழ் எழுத்தில் அனுப்பினால், பாட்டிக்கு ரோமன் எழுத்தில் அனுப்பிய அதே காரியத்தைத்தான் திருப்பிச் செய்கிறேன். என் வசதிக்கு எழுதி, புரிந்துகொள்ளும் பாரத்தை அவர் தலையில் வைக்கிறேன். ஆகவே மொழியைக் காப்பாற்றுகிறேன் என்று கொடி பிடித்துக்கொண்டு நான் இதைச் செய்யவில்லை. தமிழ் எழுத்து அழிந்துவிடுமா, வாழுமா என்பது பெரியவர்கள் பேச வேண்டிய விஷயம். என் பிரச்சினை சின்னது. ஒரு செய்தியில் சிரமம் என்று ஒன்று எப்போதும் இருக்கிறது. அதை எழுதுகிறவன் படலாம், அல்லது படிக்கிறவர் படலாம். எழுதுகிறவன் மூன்று அமுக்கு மிச்சம் பிடித்தால் அந்த மூன்று எங்கேயும் மறைந்து போவதில்லை, படிக்கிறவரிடம் போய் நிற்கிறது. அக்காவுக்கு நான் இப்போதும் ரோமனில்தான் எழுதுகிறேன், 'ழ' வருகிற இடத்தில் இசட், எச் இரண்டையும் போட்டு. "என்னா தம்பி, புதுசா ஸ்பெல்லிங் எல்லாம்?" என்று கிண்டல் பண்ணுகிறார்.

பாட்டியின் கணக்கு வேறு. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். பால் மரம் வெட்டிவிட்டு வந்து மத்தியானம் தமிழ் நேசன் படிப்பார். 2019-இல் அந்தப் பத்திரிகை நின்றபோது இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று மாமா சொல்வார். அவ்வளவு படிக்கிற ஒருவர், சொந்தப் பேரன் பேத்திகள் அனுப்புகிற செய்தியை இன்னொருவர் வாசித்துச் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார். நாங்கள் யாரும் இதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. பாட்டிக்கு கைப்பேசி பார்க்கத் தெரியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆறாவது வாரம் பாட்டிக்கு எழுதினேன். குழுவில் போடாமல் பாட்டியின் எண்ணுக்கே. ரயிலில் முடியவில்லை, வீட்டில் உட்கார்ந்து எழுதினேன், இரண்டு ராத்திரி ஆனது. செவ்வாய்க்கிழமை நடந்ததை அப்படியே எழுதினேன். டாக்டர் சொன்னது இது, நான் எழுத நினைத்தது இது, நான் எழுதியது இது. அவன் சரியாகத்தான் படித்தான், தப்பு என்னுடையது, மூன்றாம் நாள் மாமா திட்டும்போது எனக்குத் தெரிந்தே சும்மா இருந்தேன். "மன்னிச்சிடுங்க" என்று ஒரு வரி எழுதி, அழித்தேன். மன்னிக்கிற வேலையையும் பாட்டி தலையில் வைக்க மனசு வரவில்லை. அதற்கு முன்னால் மாமா மகனுக்கு போன் பண்ணிப் பேசினேன். இதை எழுத்தில் செய்யக் கூடாது என்று அந்தமட்டும் புத்தி வந்திருந்தது. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் அப்பவே டவுட்டு மச்சான், ஒங்களுக்கு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்லா" என்றான். அவனும் ஆறு வாரமாக இதைத் தூக்கிக்கொண்டுதான் திரிந்திருக்கிறான். மாமாவிடமும் நானே பேசினேன். அது சுலபமாக இல்லை. இப்போதும் மாமா என்னிடம் பழைய மாதிரி பேசுவதில்லை.

பாட்டி அந்தச் செய்தியைத் தானே படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து, யாரையும் கூப்பிடாமல். மாமா மகன் சொல்லித்தான் தெரியும். நான் விரலால் எழுதியது பாட்டிக்குத் தெரியாது. அவர் பார்த்தது சுத்தமான அச்செழுத்து. என் கோணலும் அழித்தலும் இரண்டு ராத்திரியும் அதில் இல்லை. முதலில் இது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது, பட்ட கஷ்டம் தெரியவில்லையே என்று. பிறகு அந்த எண்ணத்துக்காகவே கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

பதில் வரவில்லை. பத்து நாள் கழித்து நேரில் போனேன். பாட்டி அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சோறு போட்டார், மீன் குழம்பு ஊற்றினார். சாப்பிட்டு முடித்ததும் கைப்பேசியை என் முன்னால் வைத்து, "நீ எதுல எழுதின? எனக்கும் போட்டுக் குடு" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். பாட்டியின் விரலை முதலில் திரை வாங்கிக்கொள்ளவே இல்லை. முப்பது வருஷம் உளி பிடித்த விரல், நுனி காய்ந்து கெட்டியாக இருக்கிறது. ஈரத் துணியில் தொட்டு எழுதச் சொன்னேன். எழுதினார். எனக்கு ஒரு வாரம் எடுத்தது பாட்டிக்கு ஒரே தடவையில் வந்தது. சுழி சுழியாக, அவசரமில்லாமல், பலகையில் எழுதிப் பழகிய கை. 'தம்பி' என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத எப்படி அழிக்கிறது?" என்று கேட்டார், காட்டினேன்.

என்னை மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று செய்தி பாட்டியிடமிருந்து வருகிறது. மழை பெய்தது. முருங்கை காய்த்திருக்கிறது. அவன் பரீட்சைக்கு ஒழுங்காகப் படிக்கிறானில்லை. போன வெள்ளிக்கிழமை வந்தது: "தம்பிக்கு அடுத்த வருசம் திதி எந்தத் தேதி வருது? குருக்களக் கேட்டு எழுது."

கோவிலுக்குப் போய்க் குருக்களைக் கேட்டேன். அவர் பஞ்சாங்கம் பார்த்து இரண்டு தேதியைச் சொல்லி, எது என்று விளக்கினார். தேர் நிறுத்தும் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து விரலால் எழுதினேன். அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை படித்தேன். அனுப்பிவிட்டு பாட்டிக்கு போன் போட்டு, தேதியை வாயாலும் ஒருமுறை சொன்னேன்.